வாக்குக்கு வயது எத்தனை

திருச்செங்கோட்டுக்கு அருகே இருக்கும் குமாரமங்கலத்தின் ஜமீன் குடும்பம், இந்தியாவில் யாருக்கு ஓட்டு என்ற கேள்வியோடு மூன்று தலைமுறையாகத் தொடர்பு கொண்டது. ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். சொத்தும் வரி ரசீதும் உள்ளவர்கள் மட்டுமே வாக்களித்த காலத்தில் சட்டமன்றம் போனவர். அவருடைய மனைவி ராதாபாய் சுப்பராயன், யார் யாருக்கு வாக்குக் கொடுக்கலாம் என்று 1932இல் ஊர் ஊராகப் போய் விசாரித்த லோதியன் குழுவின் உறுப்பினர். பேரன் ரங்கராஜன் குமாரமங்கலம், வாக்களிக்கும் வயதை 21லிருந்து 18க்கு இறக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 1988 டிசம்பரில் மக்களவைக்கு வந்தபோது சேலம் தொகுதியின் உறுப்பினர். பாட்டி காலத்தில் பெரியவர்களிலேயே பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை. பேரன் காலத்தில் கல்லூரியில் காலடி வைத்த பிள்ளைக்கும் வாக்கு வந்துவிட்டது.

இடையில் மாறியது என்ன? 18 வயதுப் பிள்ளைகளின் மூளை அந்த 56 ஆண்டுகளில் வளர்ந்துவிடவில்லை. மாறியது, அவர்களைப் பற்றிப் பெரியவர்கள் போட்ட கணக்கு.

லோதியன் குழு விசித்திரமான கூட்டம். பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஆர்.ஏ. பட்லரும் மேரி பிக்ஃபோர்டும் ஒரு பக்கம். 21 வயதான ஆண், பெண் எல்லோருக்கும் வாக்கு வேண்டும் என்று சைமன் குழுவிடம் ஏற்கெனவே வலியுறுத்தியிருந்த அம்பேத்கர் இன்னொரு பக்கம். வயது வந்தோர் வாக்குரிமையைக் குழு கொள்கையளவில் மறுக்கவில்லை, நடைமுறையில் முடியாது என்றது. அத்தனை வாக்குச்சாவடிக்கு அலுவலர்கள் எங்கே, பெண்கள் வரிசைக்குப் பெண் அலுவலர்கள் எங்கே, எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானவர்கள் வாக்கை எப்படிப் பதிவு செய்வது என்று கேட்டது. அதன் பரிந்துரையை ஒட்டி வந்த 1935ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிட்டிஷ் இந்திய மக்கள்தொகையில் ஏறத்தாழ 14 சதவீதம் பேர் வாக்காளர் ஆனார்கள். பெண்கள் அதில் சிறுபங்கு. அவர்களிலும் பலருக்கு வாக்கு வந்தது கணவனின் சொத்தை வைத்து.

ராதாபாயின் நிலைப்பாடு அன்றைய மாதர் சங்கங்களோடு ஒத்துப்போகவில்லை. சங்கங்கள் சலுகை வேண்டாம், எல்லோருக்கும் வாக்கு வேண்டும் என்றன. ராதாபாயோ அது வரும்வரை காத்திருக்கத் தயாராக இல்லை. பெண்களுக்குச் சில இடங்களையாவது இப்போதே ஒதுக்கிவிட வேண்டும் என்றார். 1930இல் லண்டனில் நடந்த முதல் வட்டமேசை மாநாட்டுக்குப் போன இரண்டு இந்தியப் பெண்களில் அவர் ஒருவர். பிறகு 1938இல் மத்திய சட்டசபையின் மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் ஆனார். கிடைத்ததை வாங்கிக்கொண்டு மீதிக்குப் போராடுவதா, முழுதும் கிடைக்கும்வரை கை நீட்டாமல் இருப்பதா என்ற அந்தத் தகராறு, 16 வயதுக்கு வாக்குக் கேட்பவர்களிடையே இன்றும் நடக்கிறது.

அந்தக் காலத்து அச்சங்களைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். பண்ணையாள் பண்ணையார் சொன்னபடி போடுவான், மனைவி கணவன் காட்டிய பெட்டியில் போடுவாள், எழுத்தறியாதவன் காசுக்கு விற்றுவிடுவான். மூன்றும் ஒரே அச்சம்தான்: சுயபுத்தி இல்லாதவர் கையில் வாக்குப் போனால் அது இன்னொருவரின் இரண்டாவது வாக்காகிவிடும் என்பது. 1952இல் எல்லோரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தலில் சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் ஆளும் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. அதிகாரத்தில் இருப்பவர் சொன்னபடிதான் பாமரர் போடுவார் என்றிருந்தால் இந்த எண் வந்திருக்காது. அந்தக் கணிப்பு பொய்த்த பிறகும் அச்சம் சாகவில்லை. பண்ணையாளையும் மனைவியையும் விட்டுவிட்டு, வயதில் போய் உட்கார்ந்துகொண்டது.

வயதைச் சல்லடையாகப் பயன்படுத்துவது பிரிட்டனில் பழகிய வித்தை. 1918இல் அங்கே ஆணுக்கு 21 வயதில் வாக்கு, பெண்ணுக்கு 30 வயதில். முதல் உலகப்போரில் ஆண்கள் லட்சக்கணக்கில் செத்த பிறகு இருபாலருக்கும் ஒரே வயது வைத்தால் பெண் வாக்காளர்கள் பெரும்பான்மை ஆகிவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம். சமமாக 1928 வரை பிடித்தது. அதே ஆண்டு இலங்கைக்கான டொனமூர் குழுவும் பெண்களுக்கு 30 என்றே முதலில் எழுதியது. பிறகுதான் அது 21 ஆயிற்று. முப்பது வயதில் பெண்ணுக்கு அறிவு முதிர்கிறது என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. எத்தனை பேரை உள்ளே விட்டால் தாங்கும் என்று பார்த்து, அதற்கேற்ற வயதைத் தேடி எடுத்தார்கள்.

21 மட்டும் என்ன, வானத்திலிருந்தா வந்தது? அதுவும் இங்கிலாந்தின் பழஞ்சட்டம் கொடுத்த எண். கவசம் அணிந்து குதிரையேறிச் சண்டையிடும் வலு அந்த வயதில்தான் வரும் என்று கருதியதால் அது நிலைத்தது என வரலாற்றாசிரியர்கள் விளக்குவதுண்டு. இந்தியாவுக்கென்று வந்த சட்டம் வேறு எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. 1875ஆம் ஆண்டின் இந்திய வயதுவந்தோர் சட்டப்படி 18 முடிந்தவர் முழு மனிதர். நிலம் வாங்கலாம், விற்கலாம், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம். நீதிமன்றம் காப்பாளர் நியமித்த வாரிசுகளுக்கு மட்டும் 21. ஆகவே ஜமீன் வாரிசு 21 வரை காத்திருக்க நேர்ந்தபோதும், அவன் காட்டைக் குத்தகைக்கு உழுதவன் மகன் 18இல் வட்டிக்கு வாங்கிவிடலாம். அந்தக் கடனை வசூலிக்க நீதிமன்றம் 1875 முதலே தயார். அவன் வாக்கை எண்ண அரசு தயாரானது 1989இல். இடைவெளி 114 ஆண்டு.

அரசியலமைப்பின் 326ஆம் பிரிவில் 21 என்று எழுதியவர்கள் பிற்போக்கர்கள் அல்லர். சொத்து, படிப்பு, சாதி, பால் என்ற எல்லா வேலியையும் ஒரே வாக்கியத்தில் பிடுங்கி எறிந்தவர்கள். உலகில் அன்று பெரும்பாலான நாடுகளில் 21தான் வழக்கம். அந்தத் தலைமுறையின் கடைசிச் சாட்சியும் இந்தப் பக்கத்துக்காரர்: திருச்செங்கோடு டி.எம். காளியண்ணன். முப்பது வயதுக்குள் தில்லி போன அவர் 2021 மே மாதம் நூறு வயது கடந்து இறந்தபோது, அரசியலமைப்பு நிர்ணய சபையில் எஞ்சியிருந்த கடைசி உறுப்பினர் மறைந்தார் என்று நாளிதழ்கள் எழுதின. 1950களில் சேலம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்து கிராமங்களில் ஏராளமான பள்ளிக்கூடங்களைத் திறந்ததற்காகத்தான் உள்ளூரில் அவரை அதிகம் நினைவுகூர்கிறார்கள்.

அந்தப் பள்ளிகளில் பிள்ளைகளை எப்படிச் சேர்த்தார்கள் என்பது வயது வரம்பு பற்றிய எந்த ஆய்விலும் இடம்பெற வேண்டிய செய்தி. பிறப்புச் சான்றிதழ் கிடையாது. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார் வாத்தியார். விரல் எட்டினால் வயது ஐந்து. எட்டாவிட்டால் அடுத்த வருஷம் வா. சேர்ந்த பிள்ளைக்குப் பிறந்த தேதியாக மே மாதத்திலோ ஜூன் முதல் வாரத்திலோ ஒரு நாளை அவரே எழுதிவிடுவார். பெற்றோரைக் கேட்டால் இன்ன பஞ்சத்துக்கு அடுத்த தை என்று பதில் வரும். பிறப்பு, இறப்புப் பதிவுக்கான மத்தியச் சட்டம் வந்ததே 1969இல்தான். கை நீளமாக இருந்த பிள்ளை ஒரு வருஷம் முன்னதாகவே குடிமகன் ஆனான், குட்டையான கைக்காரன் பின்தங்கினான். வாக்காளர் பட்டியலில் இன்று 60, 70 என்று இருக்கும் வயதுகளில் பல அப்படிப் பிறந்தவை. 17 வயது 364 நாள் ஆனவருக்குத் தகுதி இல்லை, மறுநாள் உண்டு என்று கோடு கிழிக்கும் அரசின் கையில் இருந்த அளவுகோல் இவ்வளவுதான்.

கோடே வேண்டாம் என்பது இதன் பொருள் அல்ல. எங்காவது கிழித்தாக வேண்டும். கிழித்த இடம் புனிதமானது இல்லை என்பதை மட்டும் ஒப்புக்கொண்டால் போதும்.

1965இல் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் கொதித்தெழுந்தன. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்கள் மாணவர்கள். ஜனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் சிதம்பரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அந்தப் போராட்டத்தின் அரசியல் விளைவு 1967இல் தெரிந்தது. விருதுநகரில் காமராஜரை 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்த பெ. சீனிவாசன், மாணவர் தலைவராக இருந்தவர். திருச்செங்கோடு மக்களவைத் தொகுதியில் க. அன்பழகன் வென்றார். ஆனால் 1965இல் தெருவில் நின்ற பள்ளி மாணவர்களும், கல்லூரியின் முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவர்களில் பெரும்பாலோரும் 1967 பிப்ரவரியில் 21ஐத் தொட்டிருக்கவில்லை. ஊரூராகப் போய்ப் பிரச்சாரம் செய்தார்கள், வாக்குச்சாவடி வாசலில் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். உள்ளே போக மட்டும் முடியவில்லை. ஓர் ஆட்சியையே புரட்டிய பிள்ளைகள் அரசியல் அறியாதவர்கள் என்று சட்டப் புத்தகம் மேலும் 22 ஆண்டு சொல்லிக்கொண்டிருந்தது.

அமெரிக்காவில் இதே முரண் வியட்நாம் போரில் வெடித்தது. 18 வயதில் துப்பாக்கியைக் கொடுத்து அனுப்பலாம், வாக்குச்சீட்டைக் கொடுக்கக் கூடாதா என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல், 1971இல் 26ஆவது திருத்தம் வந்தது. பிரிட்டன் 1969இலேயே இறங்கியிருந்தது. இந்தியாவில் எந்த இளைஞரும் அதற்காகப் பெரிய போராட்டம் நடத்தவில்லை. மேலிருந்து வந்தது. ராஜீவ் காந்தி அரசு 1988 டிசம்பரில் 61ஆவது திருத்த மசோதாவைக் கொண்டுவந்தது. இன்றைய இளைஞர்கள் படித்தவர்கள், அரசியல் விழிப்புள்ளவர்கள், சில மாநிலங்கள் உள்ளாட்சித் தேர்தலில் ஏற்கெனவே 18ஐ வைத்திருக்கின்றன என்று காரணம் சொன்னார்கள். மாநிலங்களின் ஒப்புதலுக்குப் பிறகு 1989 மார்ச் 28 முதல் நடைமுறை.

அதே நாடாளுமன்றம் அதே 1988இல் மோட்டார் வாகனச் சட்டத்தையும் நிறைவேற்றியது. சரக்கு லாரி ஓட்ட 20 வயது ஆக வேண்டும் என்றது அது. லாரி என்றால் நாமக்கல், ரிக் வண்டி என்றால் திருச்செங்கோடு என்றிருக்கும் இந்தச் சமவெளியில் அந்த விதியின் பொருள் தெளிவு: கிளீனராக ஏறிய பையன் பிரதமரைத் தேர்ந்தெடுக்கலாம், ஸ்டீயரிங் பிடிக்க இன்னும் இரண்டு வருஷம். இதைச் சட்டத்தின் குழப்பம் என்று சிரித்துவிடலாம். ஆனால் ஆழமான ஒரு நியாயமும் இதில் உண்டு. லாரி ஓட்டுபவரின் தவறு அந்த இடத்திலேயே உயிரை எடுக்கும். வாக்காளரின் தவறு கோடிக்கணக்கான மற்ற வாக்குகளோடு கலந்து கரையும், ஐந்து ஆண்டில் திருத்தவும்படும். ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு வயது இருப்பதில் தவறில்லை. திருமணத்துக்கு இன்னது, தேர்தலில் நிற்க இன்னது என்று பட்டியல் நீளும். கேள்வி, வாக்களிக்க எந்தத் திறன் தேவை என்பதுதான்.

உளவியல் ஆய்வாளர் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இதற்கு உதவக்கூடிய ஒரு வேறுபாட்டைச் சொல்கிறார். பதற்றமின்றி யோசித்து, தகவலை எடைபோட்டு முடிவெடுக்கும் ஆற்றல் 16 வயதிலேயே ஏறத்தாழப் பெரியவர் அளவுக்கு வந்துவிடுகிறது. நண்பர்கள் உசுப்பேற்றும்போது, ஆத்திரத்தில், அவசரத்தில் தன்னைக் கட்டுப்படுத்தும் ஆற்றல்தான் இருபதுகள் வரை இழுக்கிறது. வண்டி ஓட்டுவது இரண்டாவது வகை, வாக்களிப்பது முதல் வகை. தேர்தலுக்கு முன் பல வாரம் இருக்கிறது, சாவடிக்குள் ஆள் தனியே நிற்கிறார்.

இளையோர் வாக்கு யாருக்குச் சாதகம்? 1989 தமிழ்நாட்டுக்கு ஒரு சோதனைக்கூடம் போலத் தோன்றும். ஜனவரியில் சட்டமன்றத் தேர்தல், வாக்களிக்கும் வயது 21. திமுக 13 ஆண்டுக்குப் பிறகு ஆட்சியைப் பிடித்தது. நவம்பரில் மக்களவைத் தேர்தல், வயது 18. காங்கிரஸ் - அதிமுக கூட்டணி 39இல் 38ஐ அள்ளியது, திமுகவுக்கு ஓரிடம்கூட இல்லை. 18 முதல் 20 வரையிலானவர்கள்தான் புரட்டிவிட்டார்கள் என்று இதை வைத்து ஒரு கதை கட்டலாம். கட்டினால் அது தப்பு. ஜனவரியில் அதிமுக ஜெயலலிதா, ஜானகி அணிகளாக உடைந்து கிடந்தது, காங்கிரஸ் தனியே நின்றது. நவம்பரில் எல்லாம் ஒன்று சேர்ந்துவிட்டது. தேசிய அளவில் பார்த்தால் வயதைக் குறைத்த ராஜீவ் காந்தியே தோற்றார். நானூறுக்கு மேல் இருந்த காங்கிரஸ் 197இல் நின்றது. சேலத்தில் ரங்கராஜன் குமாரமங்கலம் மறுபடி வென்றார். இளைஞர்கள் மொத்தமாக ஒரு பக்கம் சாய்வார்கள் என்று நம்பி வயதைக் குறைப்பவரும், அதற்குப் பயந்து எதிர்ப்பவரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள்.

கடல் கடந்த தமிழர்களிடம் இன்னும் கூரான பாடம் இருக்கிறது. இலங்கை 1959இலேயே, இந்தியாவுக்கு 30 ஆண்டு முன்பே, வாக்களிக்கும் வயதை 18 ஆக்கியது. ஆனால் சேலம், திருச்சி மாவட்டங்களின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது வெறும் செய்தி. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதையடுத்து வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரிடமிருந்து வாக்கைப் பறித்துவிட்டிருந்தன. 18 வயதுச் சிங்கள இளைஞனுக்கு வாக்கு இருந்தது, 60 வயதுத் தோட்டத் தொழிலாளிக்கு இல்லை. மலேசியாவில் கதை மகிழ்ச்சியானது. கைரா யூஸ்ரி, தர்மா பிள்ளை என்ற இரண்டு இளைஞர்கள் தொடங்கிய ‘உண்டி 18’ இயக்கத்தின் கோரிக்கை 2019 ஜூலையில் ஓர் எதிர்வாக்குகூட இல்லாமல் மக்களவையில் நிறைவேறியது, 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. 18 ஆனதும் பெயர் தானாகவே பட்டியலில் ஏறிவிடும் என்பதுதான் அதன் உண்மையான சாதனை. பக்கத்தில் சிங்கப்பூர் இன்னும் 21ஐ விடவில்லை.

தானாக ஏறும் அந்த ஏற்பாடு இங்கே இல்லை. படிவம் 6 நிரப்ப வேண்டும். 2022 ஆகஸ்ட் முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தகுதி நாட்கள் வந்துவிட்டன. 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். அப்படியிருந்தும் 2024 மக்களவைத் தேர்தலின்போது நாடு முழுக்கப் பட்டியலில் இருந்த 18, 19 வயதினர் சுமார் 1.8 கோடிதான். அந்த வயதில் இருப்பார்கள் என்று மதிப்பிடப்பட்ட எண்ணிக்கையில் அது 40 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. 16ஐப் பற்றிப் பேசும் முன் 18க்கே வந்து சேரவில்லை என்று இதைப் படிக்கலாம். சோம்பேறித்தனம் என்று திட்டுவது எளிது. சேலம், நாமக்கல் தொகுதிகள் இரண்டிலும் 2024இல் 78 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பதிவானது, மத்திய சென்னையில் 54 சதவீதம்கூட இல்லை. வாக்களிப்பதைக் கடமையாக எண்ணும் மண்தான் இது. ஆனால் 19 வயதில் ரிக் வண்டியோடு வடமாநிலத்தில் போர்வெல் போட்டுக்கொண்டிருப்பவனுக்கும், கேஸ் டேங்கரில் கிளீனராக மங்களூர்ச் சாலையில் இருப்பவனுக்கும் தேர்தல் நாள் சாலையில் கழியும். அவனுக்குத் தபால் வாக்கும் இல்லை. அவன் வாக்கை வயது தடுக்கவில்லை, தூரம் தடுக்கிறது.

இன்னொரு தடுப்பு இதைவிடக் கொடியது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலானோரில் 1,000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தார்கள். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில்தான் தொடங்கியது. 2001இல் எண்ணப்பட்ட அந்தக் குழந்தைகள் 2012க்கும் 2019க்கும் இடையே 18ஐ எட்டினார்கள். வராத பெண்களுக்காக எந்தப் படிவமும் நிரப்பப்படவில்லை.

சரி, 16? ஆஸ்திரியா 2007இல் எல்லாத் தேர்தலுக்கும் 16 என்றது. அங்கே வாக்னர், யோஹான், கிரிட்ஸிங்கர் மூவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, 16, 17 வயதினர் தம் கருத்துக்கு நெருக்கமான கட்சியைத் தேர்ந்தெடுப்பதில் மூத்த வாக்காளர்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர் என்று கண்டது. ஸ்காட்லாந்து 2014 பொதுவாக்கெடுப்பில் 16 வயதினரை அனுமதித்தது, பிறகு தன் நாடாளுமன்றத் தேர்தலுக்கும் அதையே வைத்துக்கொண்டது. பிரிட்டன் முழுமைக்கும் 16 ஆக்கப்போவதாக 2025 ஜூலையில் அங்குள்ள அரசு அறிவித்தது. பிரேசிலில் 1988 முதல் 16, 17 வயதினர் விரும்பினால் வாக்களிக்கலாம், 18 முதல் 70 வரை கட்டாயம், 70க்கு மேல் மீண்டும் விருப்பம். இரு முனையிலும் கோட்டைத் தளர்த்திய அந்த ஏற்பாடு மற்ற எல்லாவற்றையும்விடப் புத்திசாலித்தனமானது.

இங்கே 16 என்றால் வரும் ஆட்சேபணை ஆஸ்திரியாவில் இல்லாதது. நாமக்கல் வட்டாரம் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்குப் பேர்போனது. பல மாவட்டங்களிலிருந்து வந்து பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் காலை விடியுமுன் எழுந்து இரவுவரை பாடப்புத்தகத்தோடு இருக்கும் விடுதிகள் அவை. அந்தப் பிள்ளைகள் கையில் வாக்குக் கிடைத்தால் விடுதியே ஒரு வாக்கு வங்கி ஆகாதா? சாதிச் சங்கங்கள் பள்ளிக்குள் நுழையாதா? இவை கற்பனைப் பயங்கள் அல்ல. மார்க்குக்காக நிர்வாகத்தின் முகத்தைப் பார்த்தே வாழும் 16 வயதுப் பிள்ளை, 1932இன் பண்ணையாளைவிடச் சுதந்திரமானவன் என்று சொல்ல முடியாது. ஆனால் அன்று பண்ணையாளுக்கு வந்த தீர்வு அவனுக்கு வாக்கை மறுப்பது அல்ல, வாக்கை ரகசியமாக்குவது. இந்த அச்சத்துக்கும் அதுதான் பதில். கூடவே, பிள்ளை தன் சொந்த ஊர்ப் பட்டியலில் மட்டுமே வாக்களிக்க முடியும் என்ற விதியும் வேண்டும்.

16ஐச் சோதித்துப் பார்க்க இடம் பஞ்சாயத்து. 326ஆம் பிரிவின் 18 வயது மக்களவைக்கும் சட்டப்பேரவைக்கும் மட்டுமே கட்டு. உள்ளாட்சி மாநிலச் சட்டத்தின் பொறுப்பு. 1989க்கு முன் சில மாநிலங்கள் உள்ளாட்சியில் 18ஐ வைத்துப் பார்த்தது அந்த வழியில்தான், நாடாளுமன்றம் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. இன்று கிராம சபையின் உறுப்பினராக வேண்டுமானால் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை, காலைப் பேருந்து நிற்காமல் போகிறது, சாயக் கழிவு ஓடையில் கலக்கிறது என்ற மூன்றையும் அன்றாடம் அனுபவிக்கும் 16 வயதுப் பெண், அவற்றைப் பற்றிப் பேசும் சபையில் பார்வையாளர். அங்கே அவளுக்குக் கை தூக்கும் உரிமை கொடுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த படியைப் பற்றி யோசிக்கலாம். நேராகச் சட்டமன்றத்துக்கு 16 என்பதற்கு இப்போது அவசரம் இல்லை.

மேல் முனைக்கு வருவோம். தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2021 மதிப்பீட்டின்படி 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்த இடம். பிள்ளைப்பேறு ஒரு பெண்ணுக்கு இரண்டுக்கும் கீழே சுருங்கிவிட்டது. வருங்காலத்தில் பட்டியலில் தாத்தா பாட்டிகள் கனமாகவும் பேரப்பிள்ளைகள் லேசாகவும் இருப்பார்கள். ஐரோப்பாவில் இந்தக் கவலை ஏற்கெனவே எழுத்துக்கு வந்துவிட்டது. பெல்ஜியத் தத்துவ அறிஞர் பிலிப் வான் பாரிஸ் 1998இல் முதியோரின் வாக்கைக் குறைக்கலாமா என்ற கேள்வியை எடுத்து அலசினார். ஹங்கேரியில் பிள்ளைகளின் வாக்கைத் தாயிடம் கொடுக்கலாமா என்றுகூட 2011இல் பேசினார்கள். உண்மையில் மேல்வரம்பு வைத்து நடத்தும் பெரிய அமைப்பு ஒன்று உண்டு: வாடிகன். 80 வயதைக் கடந்த கர்தினால்கள் போப்பைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் வாக்களிக்க முடியாது என்று ஆறாம் பவுல் 1970இல் விதித்தார்.

கர்தினால்களுக்குச் சரி. ரேஷன் அரிசியும் முதியோர் உதவித்தொகையும் யார் ஆட்சி என்பதைப் பொறுத்து வாழ்வோ சாவோ ஆகும் ஒரு மூதாட்டிக்கு அது பொருந்தாது. 80 வயதுக்காரர் எதிர்காலத்தில் குறைந்த நாளே இருப்பார் என்ற வாதத்தை நீட்டினால், புற்றுநோயாளிக்கும் வாக்கு இல்லை என்று போய் நிற்கும். நினைவு மங்கியவர்களைப் பற்றிய கவலைக்கு வயதை இழுக்கத் தேவையில்லை. மனநலம் குன்றியவர் என்று தகுதியுள்ள நீதிமன்றம் அறிவித்தால் மட்டுமே பெயரை நீக்கலாம் என்று சட்டம் ஏற்கெனவே சொல்கிறது, 30 வயதுக்காரருக்கும் அதே விதி. 2019இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் 79 வயது வீரம்மாள் ஊராட்சித் தலைவரானார். அதே தேர்தலில், ஒரு காலத்தில் சேலம் மாவட்டத்தில் இருந்த கிருஷ்ணகிரிப் பகுதியில் 21 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் ஊராட்சித் தலைவரானார். இரு ஊர் மக்களும் வயதைப் பார்க்கவில்லை.

முதியோர் வாக்கில் கவனிக்க வேண்டியது வேறு. 2024இல் 85 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டிலேயே வாக்களிக்கும் வசதி இருந்தது. 12டி படிவம் கொடுத்தால் அலுவலர்கள் வீடியோ எடுப்பவரோடு வீட்டுக்கு வருவார்கள். அதற்கு முந்தைய வரம்பு 80. அந்த ஆண்டு மார்ச்சில்தான் 85க்கு உயர்த்தினார்கள். ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளிக் காட்டு நடுவே தனி வீட்டில் இருக்கும் அம்மாவை, 2021இல் 81 வயதில் வீட்டுக்கே வந்து கேட்டவர்கள், 2024இல் 84 வயதில் சாவடிக்கு வா என்றார்கள். சாவடிக்கு யாராவது வண்டியில் கூட்டிப்போக வேண்டும். கூட்டிப்போகிறவர் யாருடைய வண்டியில் வருகிறார் என்பதில்தான் வாக்கின் சுதந்திரம் இருக்கிறது. கண் தெரியாதவருக்கும் தளர்ந்தவருக்கும் துணைக்கு ஒருவர் உள்ளே வரலாம் என்ற விதியிலும் அதே சிக்கல்.

இத்தனைக்கும் பிறகு, இந்தச் சமவெளியில் வாக்களிக்கும் வயதை மிகப் பெரிய அளவில் உயர்த்தியது எந்தச் சட்டமும் அல்ல, தேர்தலை நடத்தாமல் இருந்ததுதான். சேலம் மாநகராட்சிக்கு 2011 அக்டோபரில் தேர்தல் நடந்தது. அந்த மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்று. 2011இல் 18ஐத் தொடச் சில நாட்களே இருந்த சேலத்துப் பெண் ஒருத்தி, தொட்டில் திட்டம் தொடங்கிய அடுத்த ஆண்டு பிறந்தவள், தன் வார்டு கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்க முதன்முதலாக வாக்களித்தபோது அவளுக்கு 28 வயது. கிராமத்தில் இருந்திருந்தால் 2019 டிசம்பரில், 26 வயதில். ஊரகத்தில் அந்தத் தேர்தலில் வென்றவர்களின் பதவிக்காலம் சேலம், நாமக்கல் உட்படப் பல மாவட்டங்களில் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அடுத்த தேர்தல் அதற்குள் நடக்கவில்லை, பஞ்சாயத்து அலுவலகங்களில் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள்.